சயாமிலிருந்து வந்த நல்ல சேதி

மண்ணும் மைதானமும் – 14

1966 டிசம்பரில் எங்கள் லயத்து வாசல்களில் 'சயாம்' என்ற சொல் மறுபடியும் காதில் விழுந்தது. தாய்லாந்தை எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாத வீடுகள் அங்கே இருந்தன. எங்கள் வீடு அவற்றில் ஒன்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பள்ளி ஆண்டு முடிந்து விடுமுறை நடந்துகொண்டிருந்தது. மழைக்காலம். மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. அப்படிப்பட்ட காலைகளில் ஆண்கள் தோட்டத்துக் கணக்கரான கிராணியார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர் வீட்டில் வானொலி இருந்தது. முந்தின நாள் தமிழ் நேசனும் அங்கேதான் கிடைக்கும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள். ஒரு நாள் அந்த வாசலில் கேட்ட செய்தியோடு வீட்டுக்கு ஓடினேன்.

"பாட்டி, சயாம்லே ஓட்டப் பந்தயமாம். நம்ம ஈப்போக்காரரு ஓடுறாராம். தாப்பாவுலேருந்து ஒரு அக்காவும் போயிருக்காங்களாம்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி முறத்தைக் கீழே வைத்தார்.

"சயாமுக்கா? யாருடா கூட்டிக்கிட்டுப் போனது? திரும்பி வந்துருவாங்களா?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. பாங்காக்கில் நடந்த ஐந்தாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுத உட்காரும் போதெல்லாம் பதக்கப் பட்டியலுக்கு முன்னால் பாட்டியின் கேள்விதான் வந்து நிற்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஓடி வந்து சொன்ன அந்த ஈப்போக்காரர் மணி ஜெகதீசன், 1943 நவம்பர் 2ஆம் தேதி ஈப்போவில் பிறந்தவர். அந்தத் தாப்பா அக்கா எம். ராஜாமணி, அதே 1943 மே மாதம் தாப்பாவில் பிறந்தவர். இருவருமே பேராக் மண்ணின் பிள்ளைகள். இருவருமே ஜப்பானியர் ஆட்சியில் பிறந்த குழந்தைகள். அவர்கள் பிறந்த அதே ஆண்டில்தான் பேராக் தோட்டங்களிலிருந்து ஆள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குக் கூலியாள் தேவைப்பட்டது. மூன்று மாத வேலை, சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு என்று சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு ஆள் சேராதபோது கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்தார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போரின் முடிவில் பிரிட்டிஷார் எடுத்த கணக்கின்படி மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 78,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இறந்ததாக எழுதப்பட்டவர்கள் முப்பதாயிரம் அளவில். 'ஓடிப்போனவர்' என்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. அதிலும் பல்லாயிரம் பேர். காலராவும் மலேரியாவும் இருந்த காட்டில், மொழி தெரியாத நாட்டில், ஓடிப்போனவன் எங்கே போய்ச் சேர்ந்திருப்பான் என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை.

தெற்கிலிருந்து ஆள்களை அடைத்துக்கொண்டு வந்த சரக்குப் பெட்டிகள் ஈப்போ ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் வடக்கே போயாக வேண்டும். 1917இல் கட்டி முடித்த, வெள்ளைக் குவிமாடம் வைத்த அந்த அழகான நிலையத்தின் முன்னால் இன்று பலரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அந்தத் தண்டவாளத்தில் யார் யார் போனார்கள் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது.

என் பாட்டியின் மூத்த பிள்ளை, என் பெரியப்பா, அப்படிப் போனவர். வயது பத்தொன்பது. திரும்பவில்லை. இறந்தவர் பட்டியலில் இருக்கிறாரா, ஓடிப்போனவர் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்டால், எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை என்பதுதான் பதில். அந்த ரயில் பாதை ஓடிய காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து பாங்காக் ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். 1966இல் அந்தப் பாங்காக்கில்தான் நம் பிள்ளைகள் ஓடினார்கள்.

இந்தத் தொடரில் ஒரு விளையாட்டு ஆண்டை நாள் நாளாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களுக்கு அது ஒரு பழக்கம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பருவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தத் தேதியில் யார் பந்து வீசினார், எந்த ஊரில் மழையால் ஆட்டம் நின்றது, யாருக்குக் கையில் அடிபட்டது என்று தினந்தினம் நினைவுகூர்வார்கள். 1966 அக்டோபரில் பால்டிமோர் அணி லாஸ் ஏஞ்சலிஸ் அணியை நான்கே ஆட்டங்களில் தோற்கடித்து உலகத் தொடர் என்று அவர்கள் அழைக்கும் கிண்ணத்தை வென்றதை, ஒவ்வொரு வீச்சாகச் சொல்லக்கூடியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கெழுதி, அதை வீசாமல் காப்பாற்றி வைத்த சமூகம் அது. நம்மிடம் எஞ்சியிருப்பது வென்றவர் பட்டியல் மட்டும். தங்கம் யாருக்கு என்று அதில் இருக்கும். அந்தத் தங்கத்துக்காக யார் எங்கே காத்திருந்தார்கள் என்று இருக்காது. தோட்டத் தமிழரின் வரலாற்றில் பாதிக்கு மேல் காத்திருப்புதான் என்று நான் நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது.

ஆண்டின் முற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் பிரிந்து போய் ஓராண்டுகூட ஆகவில்லை. இந்தோனேசியாவுடன் இருந்த மோதல் ஓயவில்லை. அது ஆகஸ்ட் 11ஆம் தேதி ஜகார்த்தாவில் கையெழுத்தான உடன்பாட்டோடுதான் முடிந்தது. அதற்குள் மார்ச்சில் லண்டனிலிருந்து சேதி வந்தது. அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் போட்டியில் ஒற்றையரில் டான் ஐக் ஹுவாங், இரட்டையரில் இங் பூன் பீ – டான் யீ கான். இந்த இரட்டையர் இருவரும் நம் பேராக் மாநிலத்துக்காரர்கள். அதற்கு முந்தைய ஆண்டும் அதே கிண்ணத்தை வென்றவர்கள். ஜூலையில் இங்கிலாந்து உலகக் கிண்ணக் காற்பந்தை வென்றது. ஆகஸ்டில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் காமன்வெல்த் போட்டி. அங்கேயும் டான் ஐக் ஹுவாங்குக்குத் தங்கம். ஈப்போ நகரத்துக் கடைத்தெருவில் அந்த ஆண்டு பூப்பந்துதான் பேச்சு.

தோட்டத்தில் அப்படி இல்லை. பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டவே காசு வேண்டும். எங்கள் திடலில் இருந்தது காற்பந்தும் சடுகுடுவும். ஆண்டுக்கு ஒருமுறை தோட்ட விளையாட்டு நாள் வரும். கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், பெண்களுக்கு எலுமிச்சைப்பழக் கரண்டி ஓட்டம், கடைசியில் வழுக்கு மரம். துரை வந்து நாற்காலியில் உட்காருவார். பரிசு மங்குத் தட்டு, மங்குக் கோப்பை. காலில் சப்பாத்து இல்லாமல் புல்தரையில் ஓடிய அந்த ஆண்களில் எத்தனை பேர் முறையான பயிற்சி கிடைத்திருந்தால் எங்கே போயிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்கு நேரம் குறித்ததில்லை.

தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, பாங்காக்கில் மன்னர் பூமிபோல் போட்டிகளைத் தொடங்கி வைத்தார். 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நிறைவு விழா. பன்னிரண்டு நாள்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜகார்த்தாவில் நடந்த போட்டிக்கு இஸ்ரேலும் தைவானும் வர முடியாமல் போயிற்று. பாங்காக்கில் அந்தக் கதவு திறந்திருந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனிச் சுதந்திர நாடுகளாக ஆசியப் போட்டிக்குப் போன முதல் தடவையும் அதுவே. ஜெகதீசனுக்கு அது சற்று விசித்திரமான நிலைமை. அவர் மருத்துவம் படித்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில். படிப்புக் காலத்தில் மலேசியாவுக்குள் இருந்த ஊர், படிப்பு முடிவதற்குள் வேறு நாடாகிவிட்டது.

அன்றைக்கு நமக்கும் சயாமுக்கும் நேர வித்தியாசம் அரை மணி. 1982 பிறந்தபோதுதான் அது ஒரு மணியானது. பாங்காக்கில் மாலை நான்கு மணி என்றால் ஈப்போவில் நாலரை. தோட்டத்துக்கு அது தோதான நேரம். பால் சேர்த்து, நிறுத்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த நேரம். ஆண்கள் கிராணியார் வீட்டு வாசலுக்குப் போவார்கள். பெண்கள் போகமாட்டார்கள், அவர்களுக்குச் சேதி கொண்டுவருவது எங்களைப் போன்ற பொடியன்களின் வேலை.

ஓட்டக்காரரின் நாள்களை யோசித்துப் பாருங்கள். வெற்றியாளர் பட்டியலில் 100 மீட்டருக்கு ஒரு வரி, 200 மீட்டருக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் தகுதிச் சுற்று இருக்கிறது, அடுத்த சுற்று இருக்கிறது, இறுதி ஓட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் உடம்பைச் சூடாக்க வேண்டும், ஓட வேண்டும், ஆற வேண்டும், மறுபடி சூடாக்க வேண்டும். நடுவில் அஞ்சல் ஓட்டம் வேறு. இன்றைய செயற்கைத் தளம் அப்போது இல்லை. ஒலிம்பிக்கில்கூட அது 1968இல்தான் வந்தது. கரித்தூள் தரை. மழை பெய்தால் கனக்கும், வெயிலில் தூளாகும். நேரம் எடுப்பது கைக்கடிகாரத்தைக் கட்டைவிரலால் அழுத்துகிற மனிதர்கள். பத்தில் ஒரு பங்கு விநாடிவரைதான் கணக்கு. பத்தரை விநாடிக்குள் முடிந்துவிடும் ஓர் ஓட்டத்துக்காகத் தோட்டத்து வாசலில் ஒரு கூட்டம் ஒரு மணி நேரம் காத்திருந்தது.

ஜெகதீசன் புதியவர் அல்லர். 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்கு மலாயா சார்பில் போனபோது அவருக்குப் பதினாறு வயது. 1962 ஜகார்த்தாவில் 200 மீட்டர் தங்கம். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி. பாங்காக்குக்குப் போகும்போது இருபத்து மூன்று வயது; டாக்டராக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பால்மரக் காட்டுக்கும் அவருக்கும் தூரம் அதிகம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கிராணியார் வீட்டு வாசலில் "நம்ம பையன்" என்றுதான் சொன்னார்கள். ஒருவர் பெயரை மூச்சுவிடாமல் முழுதாகச் சொல்லிப் பார்த்தது நினைவிருக்கிறது: "ஜெகதீசன்." அந்தப் பெயரை வானொலிக்காரர் எல்லா மொழிகளிலும் சொல்ல வேண்டியிருந்ததே என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

100 மீட்டரில் தங்கம் வந்தது. ஆசியாவின் அதிவேக மனிதர் ஈப்போவில் பிறந்தவர். 200 மீட்டரிலும் தங்கம். அதில் இரண்டாவதாக வந்தவர் இந்தியாவின் அஜ்மேர் சிங், 400 மீட்டர் தங்கத்தை வென்றவர். இந்த இடத்தில் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு சங்கடம். இந்தியா தோற்றதற்கு வருத்தப்படுவதா, நம்மவர் வென்றதற்கு மகிழ்வதா? எங்கள் வாசலில் மகிழ்ச்சிதான் ஜெயித்தது. ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை ஒன்றுக்குச் சுழியம் என்று வென்றபோது அதற்கும் சேர்த்து மகிழ்ந்தார்கள். இரண்டு நாட்டையும் நேசிக்க அவர்களுக்கு இடமிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சட்டம் அந்த இடத்தைப் பறித்துக்கொண்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்திலும் மலேசியாவுக்குத் தங்கம். ஜெகதீசனுக்கு அது மூன்றாவது. 'பறக்கும் டாக்டர்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஈட்டி எறிதலில் நஷாத்தர் சிங் தங்கம் வென்றார். பூப்பந்து ஆடவர் இரட்டையரில் மறுபடியும் நம் பேராக் ஜோடி, இங் பூன் பீ – டான் யீ கான். வட்டெறிதலில் தங்கம் வென்ற இந்தியாவின் பிரவீன் குமாரைப் பின்னாளில் தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீமனாக நம் வீடுகள் பார்த்தன.

ராஜாமணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பெண்கள் 400 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்ததே 1964இல்தான். அதற்கு முன்பு இவ்வளவு தூரம் வேகமாக ஓடுவது பெண் உடம்புக்கு ஆகாது என்று ஆண்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த முதல் ஒலிம்பிக் ஓட்டத்திலேயே தாப்பாப் பெண் ராஜாமணி கலந்துகொண்டார். 1965 டிசம்பரில் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசியத் தீபகற்பப் போட்டியில் தங்கங்கள் வென்றார். ஆசியப் போட்டியில் பெண்கள் 400 மீட்டர் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1966 பாங்காக்கில். வென்றவர் ராஜாமணி. ஆசியப் போட்டித் தடகளத்தில் தங்கம் வென்ற முதல் மலேசியப் பெண் அவர். அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் முதல் வரியில் இருப்பது ஒரு பேராக் தமிழ்ப் பெண்ணின் பெயர். இரண்டாவது, 1970இல் இந்தியாவின் கமல்ஜித் சந்து. மூன்றாவது, 1974இல் சிங்கப்பூரின் சீ சுவீ லீ. அவரவர் நாட்டுப் பெண்களுக்கு ஆசியப் போட்டித் தடகளத்தில் முதல் தனிநபர் தங்கம் கொண்டுவந்தவர்கள் இந்த மூன்று பேருமே. மூன்று நாடுகளுக்கும் வழி திறந்தது அதே ஒரு சுற்று ஓட்டம்தான்.

400 மீட்டர் கொடுமையான ஓட்டம் என்று ஓடியவர்கள் சொல்வார்கள். முழு வேகத்தில் ஓட முடியாத நீளம். நிதானமாக ஓடவும் முடியாத நீளம். கடைசி நூறு மீட்டரில் கால் தன்னுடையதாக இருக்காது. இருபத்து மூன்று வயதில் ராஜாமணி அதை ஓடி முடித்து ஆசியாவில் முதலாவதாக நின்றார்.

எங்கள் லயத்துக்கு அந்தச் சேதி வந்த அன்று நடந்ததை என்னால் மறக்க முடியாது. அதுவரை வாசலுக்கு வராத பெண்கள் அன்று வந்தார்கள். குழந்தைகளை விட்டுவைக்கும் ஆயக்கொட்டகையிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். "பொம்பளப் பிள்ளையா? எவ்வளவு தூரம்? யாரு கூட ஓடுனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுநாளிலிருந்து திடலில் சிறுமிகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். வேகமாக ஓடுகிற பெண் எவளானாலும் அவளுக்கு "ராஜாமணி" என்று பெயர் வைத்துவிட்டோம். என் அக்கா அந்தப் பெயரைச் சம்பாதித்தவள். பெரிய பையன்களையும் முந்துவாள்.

அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் படிக்கப் பட்டணத்துக்குப் போய் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். பஸ் காசு, சீருடை, சப்பாத்து. மூன்று பிள்ளைகளில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று வீட்டில் முடிவாயிற்று. அந்த ஒருவன் நான். ஜனவரி பிறந்தபோது அக்கா அம்மாவோடு நிரைக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கத் தொடங்கிவிட்டாள். அவள் திடலில் ஓடியது அந்த ஒரு டிசம்பர் மட்டும்தான். இதை யார்மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் 1966இன் கதையில் ராஜாமணியின் தங்கத்தை எழுதும் கை, அக்காவின் கதையையும் எழுதியாக வேண்டும்.

போட்டிகள் நடந்த அந்த வாரத்திலேயே ரமலான் நோன்பு பிறந்தது. டிசம்பர் 16 வாக்கில் மார்கழியும் பிறந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மார்கழி பஜனை, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். ஆகவே மூன்றரை மணிக்கே எழுந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அரிக்கன் விளக்கோடு லயத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டு வருவார்கள். அந்த ஆண்டு பஜனை முடிந்து சுண்டல் வாங்கும் இடத்திலும் பேச்சு பாங்காக்தான். ஐந்தரைக்குப் பெரட்டு. தண்டல் பெயர் கூப்பிடும்போது யாரோ ஒருவர் "ஜெகதீசன், ஆஜர்" என்று குரல் கொடுக்க, தண்டலே சிரித்துவிட்டாராம். அப்பா வந்து சொன்னார்.

பாட்டி மட்டும் தினமும் ஒரே கேள்விதான் கேட்டார். "வந்துட்டாங்களாடா?" தங்கம் வென்றார்கள் என்று சொன்னால் தலையாட்டுவார், அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. 20ஆம் தேதி போட்டிகள் முடிந்தன. அதற்கடுத்த நாள்களில் வீரர்கள் நாடு திரும்பிய செய்தியை வாசலில் படித்தார்கள். நான் ஓடி வந்து, "வந்துட்டாங்க பாட்டி, எல்லாரும் வந்துட்டாங்க" என்றேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வந்தார். யாருக்காக ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை. அன்று இரவுதான் பெரியப்பாவின் பெயரை முதன்முறையாக அவர் வாயால் கேட்டேன். நன்றாக நீச்சலடிப்பானாம். புளுஸ் ஆற்றில் அக்கரைக்குப் போய் வருவானாம்.

பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவைதாம். மலேசியாவில் தேசிய விளையாட்டு விருதுகள் முதன்முதலாக 1966ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டபோது, ஆண்களில் ஜெகதீசனும் பெண்களில் ராஜாமணியும் அதைப் பெற்றார்கள். 1943இல் பேராக் மாநிலத்தில் பிறந்த இருவர். ராஜாமணி 1967இலும் அந்த விருதை வென்றார். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017வரை நின்றது, நாற்பத்தொன்பது ஆண்டுகள். பிறகு கைருல் ஹஃபிஸ் ஜன்தான் 20.90இல் ஓடி அதை முறியடித்தார். எல்லா வசதிகளும் வந்த பிறகும் அரை நூற்றாண்டாக இந்த நாட்டில் யாரும் எட்டாத வேகம் அது.

கிராணியார் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் பலரிடம் குடியுரிமை இல்லை. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. 1969இலும் அதன் பிறகும் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் லயத்திலிருந்து நான்கு குடும்பங்கள் போயின. "ஜெகதீசன், ஆஜர்" என்று குரல் கொடுத்தவரும் அதில் ஒருவர் என்று அப்பா சொல்வார். அதற்கு முன்பிருந்தே வெள்ளைக்காரர் விட்டுப்போன தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்தன. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வைத்தார். அது தனிக் கதை. இத்தொடரில் அதற்கு இடமுண்டு.

எங்கள் திடல் இன்று செம்பனைக்குள் இருக்கிறது. கோயில் இருக்கிறது. கிராணியார் வீட்டின் சிமெண்டு வாசல்படி மட்டும் மிச்சம். சென்ற ஆண்டு போய்ப் பார்த்தேன். மூன்று படிகள். அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. திடல் இருந்த இடத்தை அவர்தான் எனக்குக் காட்டினார், எந்த மரத்திலிருந்து எந்த மரம்வரை ஓடுவோம் என்று.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் தோட்ட விளையாட்டு நாள் படம் இருந்தால் அதன் பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும், படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் இன்றே எழுதி வையுங்கள். 1966இல் பாங்காக் சேதியை எங்கே நின்று கேட்டார்கள் என்று உங்கள் அம்மாவிடம், பெரியம்மாவிடம் கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்படியே, 1943இல் உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா என்றும் கேளுங்கள். பெயர், தோட்டம், போன மாதம். இந்த மூன்று மட்டும் போதும். ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.